தம்பி ஏறப்போகும் கப்பலில் எல்லாருக்கும் படகு உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. மேலூர் பக்கத்துக் கிராமம் உங்களுடையது. தம்பி பயிற்சியை முடித்துவிட்டு அடுத்த மாதம் ஒரு பல்க் கேரியரில், அதாவது தாதுமண் போன்ற சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில், கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறுகிறான். டைட்டானிக்கில் பாதிப் பேருக்குத்தான் படகு இருந்தது என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் உங்கள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இன்றைய கப்பல்களில் எல்லாருக்கும் படகில் இடம் உண்டா, நடுக்கடலில் யார் வந்து தூக்குவார்கள், கிணற்றில் மட்டும் நீந்திப் பழகியவன் என்ன செய்வான் என்று மூன்று கேள்வி எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை உயிரோடு வீடு வந்து சேருவானா? நான் மதுரைக்காரன். சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாகப் பல வருஷம் வேலை பார்த்தவன். உயிர்காப்புப் படகுகளின் பராமரிப்பும் பயிற்சியும் என் பொறுப்பில் இருந்திருக்கின்றன. கப்பலைக் கைவிட்டு இறங்க வேண்டிய நிலை எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆகவே பயிற்சியில் கையால் செய்ததையும், விபத்து விசாரணைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இடம் உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு. இதில் சந்தேகமே வேண்டாம், சர்வதேசச் சட்டம் அது. பக்கவாட்டில் படகு தொங்கும் சரக்குக் கப்பல் என்றால், இடப்பக்கப் படகில் கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் இடம் இருக்க வேண்டும், வலப்பக்கப் படகிலும் அதேபோல அத்தனை பேருக்கும் இருக்க வேண்டும். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் ஒரு பக்கத்துப் படகுகளை இறக்க முடியாமல் போகும், அதனால்தான் இந்த இரட்டை ஏற்பாடு. 2006 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட பல்க் கேரியர் என்றால் தம்பி பார்க்கப்போவது வேறு விதமான படகு. கப்பலின் பின்புறம் ஒரு சரிவான மேடையில், மூக்கைக் கடலை நோக்கிக் கீழே நீட்டியபடி, முழுக்க மூடிய ஆரஞ்சு நிறப் படகு ஒன்று இருக்கும். ஃப்ரீ ஃபால் போட் என்பார்கள். கயிறு கட்டி இறக்கும் வேலையே இல்லை. எல்லாரும் உள்ளே போய் வார் போட்டுக் கட்டிக்கொண்டதும், உள்ளிருந்தே கொக்கியை விடுவித்தால் படகு அப்படியே சறுக்கிக் கடலில் குதிக்கும். அந்த ஒரு படகிலேயே எல்லாருக்கும் இடம் இருக்கும். அது போக இரண்டு பக்கமும் லைஃப் ராஃப்ட் என்னும் காற்றடைத்த மிதவைகளும் அத்தனை பேருக்கும் போதுமான அளவில் வைத்திருப்பார்கள். சாதாரணமாக இருபது, இருபத்தைந்து பேர் வேலை செய்யும் கப்பலில் இடம் பற்றாது என்ற பேச்சுக்கே வழியில்லை. சரக்குக் கப்பல் படகில் ஓர் ஆளின் எடை 75 கிலோ என்று முன்பு கணக்கிட்டார்கள். கனமான உடையோடு ஆட்கள் ஏறினால் நெருக்கியடிக்கிறது என்று தெரிந்த பிறகு அதை 82.5 கிலோவாக உயர்த்தினார்கள். அந்த அளவுக்கு இன்று கணக்குப் பார்க்கிறார்கள்.

டைட்டானிக்குக்கு ஏன் அப்படி ஆனது என்று உங்கள் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பலரும் நினைப்பதுபோல அந்தக் கப்பல் சட்டத்தை மீறவில்லை. 1894இல் பிரிட்டனில் போட்ட விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 16 படகு வைத்தால் போதும் என்றது. அதற்குப் பிறகு கப்பல்கள் வளர்ந்துகொண்டே போயின, விதி வளரவில்லை. டைட்டானிக் 46,000 டன்னைத் தாண்டியது. அதில் 20 படகுகள் இருந்தன, அதாவது சட்டம் கேட்டதைவிட நான்கு கூடுதல். அவற்றில் மொத்தம் 1,178 பேருக்கு இடம். அந்த இரவில் கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர்.

அன்றைய ஆட்கள் இதை அலட்சியத்தால் மட்டும் செய்யவில்லை. பெரிய கப்பல் சீக்கிரம் மூழ்காது, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பக்கத்துக் கப்பல் வந்துவிடும், படகின் வேலை பயணிகளை நடை நடையாக அந்தக் கப்பலுக்கு ஏற்றிச் செல்வது மட்டும்தான் என்று நினைத்தார்கள். 1909 ஜனவரியில் ரிபப்ளிக் என்ற கப்பல் மோதலில் சிக்கியபோது உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார்கள், கப்பல்கள் வந்தன, பயணிகளைப் படகுகளில் மாற்றி ஏற்றினார்கள், மோதலில் இறந்த சிலரைத் தவிர மற்றவர்கள் தப்பினார்கள். அந்த வெற்றி கொடுத்த தைரியம் மூன்றே வருஷத்தில் 1,500 உயிர்களைக் கொண்டுபோனது.

இங்கே உறுதியானதையும் விவாதத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குப் பனிமலையில் இடித்த கப்பல் 2.20க்கு மூழ்கியது என்பது உறுதி. முதலில் இறக்கிய படகில் 65 பேர் உட்காரலாம், அதில் போனவர்கள் 28 பேர் போலத்தான். 40 பேருக்கான இன்னொரு படகில் 12 பேர் போனார்கள். இருந்த 1,178 இடத்திலும் தப்பியவர்கள் சுமார் 710 பேர்தான். இன்னும் இருபது படகு கூடுதலாக இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்களா என்பது விவாதத்துக்கு உரியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிடைத்த 2 மணி 40 நிமிஷத்தில் இருந்த படகுகளையே முழுதாக இறக்கி முடிக்கவில்லை, கடைசி இரண்டு மடக்குப் படகுகள் ஒழுங்காக இறங்காமல் தண்ணீர் அடித்துக்கொண்டு போயின. ஆட்களுக்குப் பயிற்சி கிடையாது. பயணிகள் யாருக்கும் தன் படகு எது என்று தெரியாது. கூடுதல் படகு இருந்திருந்தால் நிச்சயம் இன்னும் பல பேர் பிழைத்திருப்பார்கள், எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வதுதான் கடினம். அதேபோல, பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் என்ற கப்பல் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதிலும் நூறு வருஷமாகச் சண்டை ஓயவில்லை. அதன் வயர்லெஸ் ஆள் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார் என்பதிலும், டெக்கில் நின்றவர்கள் வாண வெளிச்சத்தைப் பார்த்தார்கள் என்பதிலும் சண்டை இல்லை. 58 கடல்மைல் தொலைவில் இருந்த கார்பேத்தியா என்ற கப்பல் ஓடி வந்து சேர்ந்தபோது மணி நான்கு. அதற்குள் தண்ணீரில் கிடந்தவர்கள் பெரும்பாலும் குளிரில் இறந்திருந்தார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் சோலாஸ் என்று கப்பல்காரர்கள் சொல்லும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை. 1914 ஜனவரியில் கையெழுத்தானது. எல்லாருக்கும் படகில் இடம், வயர்லெஸ்ஸுக்கு 24 மணி நேரமும் ஆள் என்று அதில் எழுதினார்கள். முதல் உலகப்போர் வந்துவிட்டதால் அது அப்படியே அமலுக்கு வரவில்லை. 1929, 1948, 1960, 1974 என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. இன்று நடப்பில் இருப்பது 1974ஆம் வருஷத்து உடன்படிக்கையும் அதன் திருத்தங்களும்.

ஆனால் படகின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் காரியம் முடியவில்லை. 1915 மே 7ஆம் தேதி நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கிய லூசிடானியா என்ற பயணிகள் கப்பலில் 48 படகுகள் இருந்தன. கப்பல் பதினெட்டே நிமிஷத்தில் சாய்ந்து மூழ்கியதால் ஒழுங்காக இறங்கியவை ஆறு, இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். அதே வருஷம் ஜூலையில் சிகாகோ ஆற்றில் கரையில் கட்டியிருந்த ஈஸ்ட்லாண்ட் என்ற பயணக் கப்பல் கட்டிய இடத்திலேயே கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். டைட்டானிக்குக்குப் பிறகு வந்த சட்டத்துக்காக மேல்தளத்தில் ஏற்றிய கூடுதல் படகுகளின் கனம்தான் கவிழ்த்தது என்று சிலர் எழுதுவார்கள். அந்தக் கப்பல் ஏற்கெனவே ஆட்டம் கண்ட கப்பல் என்பதால் பழி முழுவதையும் படகுகள்மேல் போடுவதை நான் ஏற்கவில்லை, ஒரு பங்கு இருந்தது என்று சொல்லலாம்.

கப்பலில் தொங்கும் படகைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அதைவிடப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து புறப்பட்டுப் போய், கப்பலில் சிக்கியவர்களைத் தூக்கி வரும் படகின் வரலாறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அந்தக் காலத்தில் கப்பல்கள் அதிகம் உடைந்தது நடுக்கடலில் இல்லை, கரைக்குப் பக்கத்தில், பாறையிலும் மணல் திட்டிலும். கரையில் நிற்பவர்கள் கண்ணெதிரே ஆட்கள் சாவார்கள். சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் ஜென்ஜியாங் நகரத்தார் 1708இலேயே உயிர் காப்பதற்கென்று சங்கம் வைத்துப் படகு நிறுத்தியிருந்தார்கள். இங்கிலாந்தில் 1789இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் அட்வெஞ்சர் என்ற கப்பல் தரைதட்டியபோது ஆயிரக்கணக்கானவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலையைப் பார்த்து ஒருவரும் படகு எடுக்கத் துணியவில்லை. அந்த அவமானம் தாங்காமல் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர்கள் குழு போட்டு, மூழ்காத படகுக்கு இரண்டு கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) பரிசு என்று அறிவித்தார்கள். வில்லியம் உட்ஹேவ் என்பவர் ஒரு மாதிரி செய்து கொடுத்தார், ஹென்றி கிரேட்ஹெட் என்ற படகு கட்டுபவர் படகைக் கட்டினார். 1790இல் கடலில் இறங்கிய அந்தப் படகின் பெயர் ஒரிஜினல், நாற்பது வருஷம் உழைத்தது. அதன் பக்கங்களில் நெட்டி போன்ற கார்க் கட்டைகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது பிள்ளை இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவோமே, அதே வேலைதான்: தண்ணீர் உள்ளே புகுந்தாலும் அமுங்காது.

முதலில் கண்டுபிடித்தது யார் என்பது இன்றும் தீராத வழக்கு. லண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த லயனல் லூக்கின் 1785இலேயே மூழ்காத படகுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். லூக்கின் கல்லறையிலும் உட்ஹேவ் கல்லறையிலும் படகைக் கண்டுபிடித்தவர் இவரே என்று செதுக்கியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் பணம் வாங்கியவர் கிரேட்ஹெட். என்னைக் கேட்டால், எண்ணம் லூக்கினுடையது, வடிவத்தில் பெரும்பங்கு உட்ஹேவுடையது, கடலில் நின்று வேலை செய்த படகு கிரேட்ஹெட்டுடையது.

பிறகு வந்தவர் வில்லியம் ஹிலரி. ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில் குடியிருந்தார். கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்து, நாடு முழுவதும் படகு நிறுத்தும் ஒரு சங்கம் வேண்டும் என்று எழுதினார். 1824 மார்ச் 4ஆம் தேதி லண்டனில் அந்தச் சங்கம் தொடங்கியது. இன்று ஆர்.என்.எல்.ஐ. என்று அழைக்கப்படுகிறது. ஹிலரி எழுதியதோடு நிற்கவில்லை. 1830இல் செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பல் டக்ளஸ் துறைமுகப் பாறையில் மாட்டியபோது அறுபதை நெருங்கிய வயதில் தானே படகில் போனார், அலை அவரைக் கடலில் தள்ளியது, விலா எலும்புகள் உடைந்தன. கப்பலில் இருந்த 22 பேரும் பிழைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில், பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்களைக் கொண்டே நடக்கிறது. இரு நூற்றாண்டில் 1,40,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கிரேஸ் டார்லிங் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1838 செப்டம்பர் 7ஆம் தேதி, கலங்கரை விளக்கக் காவலரின் மகளான அந்த 22 வயதுப் பெண் அப்பாவோடு துடுப்புப் போட்டுப் போய்ப் பாறையில் ஒட்டிக்கிடந்தவர்களை மீட்டாள். ஒன்பது பேரையும் ஒரே நடையில் தனியாக மீட்டாள் என்பதுபோலப் பத்திரிகைகள் பிறகு ஊதிப் பெருக்கின. உண்மையில் முதல் நடையில் ஐந்து பேர். மீதி நால்வரை அவளுடைய அப்பாவும் மீட்கப்பட்டவர்களில் சிலரும் மறுபடி போய் அழைத்து வந்தார்கள். ஊதிப் பெருக்காமலேயே அது பெரிய காரியம்தான்.

லைஃப் ஜாக்கெட்டுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி ஊர்ப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஒருவரான ஹென்றி ஃப்ரீமன் மட்டும்தான் புதிதாக வந்திருந்த கார்க் ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். தம்பியிடம் இந்த ஒரு கதையைச் சொல்லுங்கள்.

நம் கரையில் இப்படித் தொண்டர்கள் நடத்தும் படகுச் சங்கம் வேர்விடவில்லை. கடலோரத்தில் காப்பாற்றியவர்கள் எப்போதும் மீனவர்கள்தான். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது லாரியில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிப் போனதும் அவர்களே. மதுரையில் வயதானவர்களைக் கேட்டால் 1964 டிசம்பர் 22 இரவைச் சொல்வார்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போன இரவு. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்று சொல்லப்படுவது டிக்கெட் கணக்கை வைத்து. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், அதைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. தந்தியும் தொலைபேசியும் அறுந்துவிட்டன, பாம்பன் பாலம் சிதைந்துவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று வெளியே தெரியவே நேரம் பிடித்தது. பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த முதல் இரவில், ஆபத்தில் இருப்பவர்களைப் பற்றி வெளியே ஒருவருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு உறைப்பது. தம்பியைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கான விஷயமும் அதுதான். படகு கொஞ்ச நேரத்தை வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்துக்குள் யாருக்காவது சேதி போக வேண்டும், அவர்கள் வரவேண்டும்.

சேதி போவதில் இன்று பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 1999 பிப்ரவரி 1 முதல் எல்லா பெரிய கப்பல்களிலும் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற ஆபத்துச் செய்தி ஏற்பாடு கட்டாயம். மோர்ஸ் தெரிந்த ஆள் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கப்பலின் பெயரும் இடமும் போய்விடும். அதைவிட முக்கியம் ஈபிர்ப் என்ற சின்ன மஞ்சள் கருவி. கப்பல் யாரும் எதிர்பாராமல் மூழ்கினாலும், நாலு மீட்டர் ஆழம் போவதற்குள் தண்ணீரின் அழுத்தத்திலேயே அது தன் கூட்டை விட்டு விடுபட்டு மேலே மிதந்து வந்து 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட ஆரம்பிக்கும். செயற்கைக்கோள் அதைக் கேட்கும். குறைந்தது 48 மணி நேரம் பேட்டரி தாங்கும். இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டில் முதல் உயிர் பிழைத்தது 1982இல். நம் நாட்டுக்கான மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது.

வருவது யார் என்றால், கரைக்குப் பக்கம் என்றால் கடலோரக் காவல்படை. 1977இல் தொடங்கி 1978இல் சட்டப்படி அமைந்த படை அது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மூன்று இடங்களிலும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் உண்டு. சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் அவர்கள் பொறுப்பு. இந்தியக் கரையில் யாருக்காவது கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணில் கூப்பிடலாம். ராமேஸ்வரம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நடுச் சமுத்திரத்தில், கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்டாத இடத்தில், வருவது வழியில் போகும் இன்னொரு சரக்குக் கப்பல்தான். ஆபத்துச் செய்தி கேட்ட கேப்டன் தன் கப்பலுக்கு ஆபத்தில்லாத வரை முழு வேகத்தில் அங்கே போயே ஆக வேண்டும் என்பது சட்டம். எந்த நாட்டுக் கொடி, எந்த மொழி என்பதெல்லாம் அதில் இல்லை. நான் பார்த்த கேப்டன்களில் ஒருவரும் இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்பவர் இல்லை.

சமீபத்தில் நம் பக்கத்திலேயே நடந்த இரண்டைச் சொல்கிறேன். 2025 மே 24ஆம் தேதி கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் 26 டிகிரி சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள், 21 பேரைக் கடலோரக் காவல்படையும் கடைசிவரை நின்ற மூன்று பேரைக் கடற்படையின் ஐ.என்.எஸ். சுஜாதாவும் மீட்டன. அடுத்த மாதம் ஜூன் 9ஆம் தேதி கேரளக் கடலில் வான் ஹாய் 503 கப்பலில் வெடிப்பும் தீயும். 22 பேரில் 18 பேர் கப்பலை விட்டு இறங்கி மீட்கப்பட்டார்கள், நான்கு பேரைக் காணவில்லை. சாய்வது நேரம் கொடுக்கும், வெடிப்பு கொடுக்காது.

இனி உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லத் தயங்கக்கூடிய பகுதி. மறைத்தால் இந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. பல்க் கேரியரின் பெரிய ஆபத்து வேகமாக மூழ்குவது. ஈரமான தாதுமண், பாக்சைட் போன்ற சரக்கு கப்பல் ஆடும் ஆட்டத்தில் குழம்புபோல இளகி ஒரு பக்கம் ஓடிவிடும். 2015 ஜனவரி 2ஆம் தேதி வியட்நாமுக்கு அப்பால் பல்க் ஜுபிடர் என்ற கப்பல் இப்படித்தான் போனது. 19 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். நிமிஷக் கணக்கில் நடப்பதில் படகு எத்தனை இருந்தாலும் ஏற நேரம் இல்லை. அங்கே உயிர் காப்பது படகைவிட முன்கூட்டியே எடுக்கும் முடிவு: சரக்கின் ஈரச் சான்றிதழைக் கேட்பது, சந்தேகம் என்றால் ஏற்ற மறுப்பது. அது கேப்டன், சீஃப் ஆபீசரின் வேலை, கேடட்டின் கையில் இல்லை. ஆனால் கேடட் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். இப்படி மூழ்குபவை மொத்தக் கப்பல்களில் மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆபத்து, வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும்: படகுப் பயிற்சியே. 1980 மார்ச் 27ஆம் தேதி வட கடலில் அலெக்ஸாண்டர் கீலாண்ட் என்ற எண்ணெய்க் கிணற்றுத் தங்குமேடை கவிழ்ந்து 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஏழு படகில் நாலைத்தான் இறக்க முடிந்தது. அவற்றிலும் ஒன்றைத் தவிர மற்றவை கம்பியிலிருந்து விடுபடவில்லை, ஏனென்றால் கம்பியில் பாரம் இருக்கும்வரை அந்தக் கொக்கி திறக்காத வகை. சரி, பாரம் இருக்கும்போதும் திறக்கும் கொக்கி வேண்டும் என்று 1986இல் விதி வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், சரியாகப் பூட்டாத அந்தக் கொக்கிகள் பயிற்சியின்போது அந்தரத்திலேயே திறந்துகொண்டன. படகோடு ஆட்கள் விழுந்தார்கள். பிரிட்டனின் விபத்து விசாரணைத் துறை 2001இல் பத்து வருஷக் கணக்கைப் பார்த்தபோது தாங்கள் விசாரித்த படகு விபத்துகளில் 12 மாலுமிகள் இறந்திருந்தார்கள். காப்பாற்ற வைத்த பொருள் கொன்றது. அதற்குப் பிறகு கொக்கியின் வடிவமே மாறியது, பழையவற்றை மாற்றச் சொல்லிக் கெடு வைத்தார்கள். கொக்கி திறந்துகொண்டாலும் படகைத் தாங்கிக்கொள்ளத் தனி ஸ்ட்ராப் (வார்ப்பட்டை) மாட்டும் வழக்கமும் வந்தது. தொங்கும் படகுள்ள கப்பல் என்றால், அந்த ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்காமல் தம்பி படகில் ஏறக் கூடாது. கொக்கி முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று காட்டும் குறி ஒவ்வொரு படகிலும் இருக்கும், அதையும் யாரையாவது காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளட்டும். ஃப்ரீ ஃபால் படகில் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் அதில் வாரை இறுக்கமாகப் போடாமல், தலையைச் சரியாகச் சாய்க்காமல் விழுந்தால் கழுத்திலும் முதுகிலும் அடிபடும். இருக்கை கப்பலைப் பார்த்தபடி, விழும் திசைக்கு முதுகு காட்டித்தான் இருக்கும். அது ஏன் என்று புரிந்துகொண்டவன் தலையைத் தானாகவே பின்னால் ஒட்டி வைப்பான்.

நம் பக்கத்துப் பிள்ளைகளை நான் கப்பலில் பார்த்திருக்கிறேன். உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர் என்று வருவார்கள், உழைப்பாளிகள். மாதாந்திரப் பயிற்சிக்கு மணி அடித்தால் அதைச் சடங்காக எடுத்துக்கொள்வது மட்டும் அவர்களிடம் எனக்குப் பிடிக்காது. ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் என் ஜாக்கெட் எங்கே, குளிர்நீரில் உடம்பைக் காக்கும் இம்மர்ஷன் சூட் எங்கே, நான் வந்து கூட வேண்டிய மஸ்டர் ஸ்டேஷன் எது, படகில் என் இருக்கை எண் என்ன, எனக்கு ஒதுக்கிய வேலை என்ன என்று இருட்டிலும் தெரிய வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், கேபினிலிருந்து படகுவரை இரண்டு வழியில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வழியில் புகை இருந்தால் மறுவழி. சட்டப்படி சரக்குக் கப்பலில் உத்தரவு வந்து பத்து நிமிஷத்துக்குள் எல்லாரும் ஏறிப் படகு இறங்கிவிட வேண்டும். ஆட்கள் தேடிக்கொண்டு நின்றால் பத்து நிமிஷம் பத்தாது. ராஃப்ட்டைக் கட்டியிருக்கும் கயிறு சரியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று அதிகாரியிடம் கேட்கட்டும். தவறாகக் கட்டினால் கப்பலோடு ராஃப்ட்டும் போய்விடும், இப்படி நடந்திருக்கிறது.

படகுக்குள் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும், அரிசிச் சோற்றை நினைத்துப் பார்க்கவே கூடாத அளவில் காய்ந்த பிஸ்கட் ரேஷனும் இருக்கும். ஏறியதும் முதல் வேலை வாந்தி மாத்திரை போடுவது. மூடிய படகு கடலில் உருளும் உருட்டலில் பழைய மாலுமிக்கும் குடல் வெளியே வரும், வாந்தியில் போகும் தண்ணீர்தான் ஆளைச் சாய்க்கும். காயம்பட்டவர் தவிர மற்றவர்கள் முதல் 24 மணி நேரம் தண்ணீர் குடிப்பதில்லை, பிறகு நாளுக்கு அரை லிட்டர் என்பது பழைய பாடம், இன்றும் சொல்லித்தருவது. கடல் தண்ணீரை எந்த நிலையிலும் குடிக்கக் கூடாது.

மீன்பிடிப் படகுகளைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது என் தொழில் இல்லை, அதற்கு ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ கடலில் ஓடுபவர்தான் சரியான ஆள். நான் சொன்ன சட்டங்கள் பெரிய சரக்குக் கப்பலுக்கானவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வீட்டில் நீங்கள் வைத்திருக்க வேண்டியவை: கப்பலின் பெயர், அதன் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி, ஆள் எடுத்த ஏஜென்டின் ஆர்.பி.எஸ்.எல். எண், அதாவது மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும் உரிமத்தின் எண். அந்த உரிமம் உண்மைதானா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். உரிமம் இல்லாத ஏஜென்டிடம் பணம் கட்டி ஏறும் கப்பலில் படகின் கொக்கியை யார் எண்ணெய் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்? டைட்டானிக்கைவிட எனக்கு உங்கள் தம்பி விஷயத்தில் கவலை தருவது அதுதான்.

நீச்சல் கேள்வி பாக்கி. கிணற்றில் நீந்தத் தெரிந்தவனுக்குப் பயிற்சிக் குளத்தில் உயரத்திலிருந்து குதிப்பதும், கவிழ்ந்த ராஃப்ட்டை நிமிர்த்துவதும் கடினமாக இருந்திருக்காது, அந்தப் பயிற்சியை முடித்திருப்பான். கடலில் நீந்தி எங்கும் போகப்போவதில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முழங்காலை மார்புக்கு இழுத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதப்பதுதான் வேலை, மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் கூட்டமாக ஒட்டி நிற்பது. நீந்த ஆரம்பித்தால் உடம்புச் சூடு சீக்கிரம் போகும், வெதுவெதுப்பான நம் கடலிலும் இரண்டொரு நாளில் அது ஆளைக் கொல்லும். ஜாக்கெட்டோடு குதிக்கும்போது ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறுகையால் ஜாக்கெட்டின் கழுத்தைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் நேரே பார்த்துக் காலை முன்னே எடுத்து வைக்க வேண்டும். பிடிக்காமல் குதித்தால் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையில் அடிக்கும். போவதற்கு முன் உங்கள் ஊர்க் கிணற்றிலேயே அதை நாலு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.